கன்னியர் மடத்து உப்பு

அட்டை கடிக்கும்போது வலிப்பதில்லை. கால் விரல்களுக்கு நடுவே ஏதோ குளிர்ந்து வழுக்குவதுபோல் இருக்கும். குனிந்து பார்த்தால், நூல் தடிமனில் ஏறிய ஒன்று நாவற்பழம்போலப் பருத்துத் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் உப்பை ஒற்றினால் சுருண்டு நுரைத்து விழுந்துவிடும், கடித்த இடத்திலிருந்து ரத்தம் வெகுநேரம் நிற்காமல் வடியும். ஒன்பது வயதுவரை நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்தவன். அங்கே பனைமரமும் புழுதியும் வெயிலும் உண்டு, அட்டை கிடையாது. ஆகவே முதல் அட்டையைப் பார்த்த அன்று நான் போட்ட கூச்சலைக் கேட்டுத் தோட்டத்துப் பிள்ளைகள் பல நாட்கள் சிரித்தார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் என் தந்தைக்குத் தேவிகுளத்துக்கு அப்பாலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்து, நாங்கள் மூன்று பேரும் தகரப்பெட்டிகளோடு மலையேறினோம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் நீளக் கட்டடத்துக்கு அங்கே 'லயம்' என்று பெயர். அதன் கோடியில் எங்களுக்கு ஒரு குவார்ட்டர்ஸ். லயத்திலிருந்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள். நாங்களும் அதே வேதம்தான் என்றாலும் எங்கள் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை. 'ஏனுங்க' என்றும் 'ஊடு' என்றும் நாங்கள் சொல்லும்போதெல்லாம் யாராவது திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்கள். என் தந்தை கொழுந்து பறிக்கும் பெண்களிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரும் கங்காணியும் அதட்டியே பேசிப் பழகிய இடத்தில், அது மரியாதை என்று புரியவே அவர்களுக்குச் சில மாதங்கள் ஆயின.

எங்களுக்கு அடுத்த வாசல் அற்புதத்தம்மாளுடையது. மரம் வெட்டும் வேலையில் கணவனை இழந்தவர், கொழுந்து பறித்துத் தன் ஒரே மகளை வளர்த்துவந்தார். மகள் ரெஜினா என் வகுப்பு, என் வயது, என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி. எனக்கு 'ஏனுங்க' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். "ஏலே ஏனுங்க, கால அகட்டி வையி, அட்ட ஏறுது பாரு" என்று எனக்குக் காட்டில் நடக்கக் கற்றுக்கொடுத்தாள்.

காட்டில் நடப்பதற்கு உப்பு வேண்டும். ஒரு பிடி கல்லுப்பைத் துணியில் இறுக்கிக் கட்டி, முழநீளக் குச்சியின் நுனியில் பிணைத்துக்கொள்வார்கள். 'உப்புக்கிழி' என்பார்கள் அதை. ஒவ்வொரு வீட்டின் கதவோரத்திலும் குடைக்குப் பக்கத்தில் ஒரு கிழி சாத்தியிருக்கும். அட்டை தெரிந்த இடத்தில் அதை ஒற்றினால் போதும். கிழியில்லாமல் யாரும் தோட்டத்துக்கு மேலிருந்த சோலைக் காட்டுக்குள் காலெடுத்து வைப்பதில்லை.

அந்தச் சோலைக்கு மேலே, புல்மேட்டின் உச்சியில், இடிந்துபோன கன்னியர் மடம் ஒன்று இருந்தது. நாங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் மருந்தும் கொடுக்கவென்று கன்னியாஸ்திரீகள் சிலர் அங்கே மடம் கட்டியிருக்கிறார்கள். பிறகு விஷக்காய்ச்சல் வந்தது, மண் சரிந்து பாதையும் போயிற்று. இருவரை அங்கேயே புதைத்துவிட்டு மற்றவர்கள் சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள். லயத்திலிருந்து ஏழாம் நம்பர் காடு என்ற தேயிலைப் பகுதியைக் கடந்து, ஓடையில் இறங்கி ஏறி, சோலைக்குள் அவர்கள் வெட்டிவைத்த கற்படிகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறினால் மரங்கள் சட்டென்று நின்றுவிடும். புல்லும் காற்றும் வானமும், நடுவே கூரையில்லாத சுவர்களும் தெரியும். சுவர்களில் பெரணி முளைத்திருந்தது. அடுப்படி இருந்த இடத்தில் ஒரு காட்டுமரம் வளர்ந்து புகைபோக்கியைப் பிளந்திருந்தது. இரண்டு கல்லறைகளின் இரும்புச் சிலுவைகளிலும் பெயர்கள் துருவோடு உதிர்ந்துவிட்டன. மடத்துக் கோயிலின் சன்னல்களில் பதித்திருந்த வண்ணக் கண்ணாடிகள் உடைந்து, புல்லுக்குள் நீலமும் சிவப்புமாகக் கிடந்தன. எங்களுக்கு அந்த இடத்தின் கவர்ச்சியே அந்தத் துண்டுகள்தான். நீலத்தை ஒரு கண்ணில் வைத்துப் பார்த்தால் மலை முழுதும் நிலா அடித்ததுபோல் தெரியும்.

கோயிலின் பின்சுவர் மட்டும் முழுதாக நின்றது. அதில் ஆழமான ஒரு மாடம், மேலே கற்பலகை மூடியது. அதிலிருந்த மாதா சுரூபத்தை எப்போதோ தோட்டத்துக் கோயிலுக்குத் தூக்கிவந்துவிட்டார்கள். ஆனாலும் லயத்துப் பெண்களுக்குக் கீழே கோயிலிலிருக்கும் மாதா வேறு, மேலே வெற்று மாடத்திலிருக்கும் 'மடத்து மாதா' வேறு. பெரிய கஷ்டம் வந்தால் மேலேதான் போவார்கள். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கல்லுப்பை வைத்து, கஷ்டத்தைச் சொல்லிவிட்டு வருவார்கள். மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்க்கும்போது உப்பு கரைந்திருந்தால் மாதா அதை ஏற்றுக்கொண்டார், இனி அது அவர் பொறுப்பு. கரையாமல் அப்படியே இருந்தால் மனிதர் தாமே செய்யவேண்டியதைச் செய்துகொள்ளவேண்டும். என் தந்தை இதைக் கேட்டுவிட்டு வீட்டில் அம்மாவிடம், "ஆடி மாசம் நேந்துக்கிட்டா எல்லாத்துக்கும் கரையுமுங்காட்டி. தை மாசம் நேந்துக்கிட்டா ஒருத்தருக்கும் கரையாது" என்றார். அம்மா, "சத்தமாப் பேசாதீங்க, பக்கத்தூட்ல கேக்கும்" என்றார்.

நாங்கள் போன இரண்டாம் வருடம், கார்த்திகை மழை விட்டு வானம் வெளுத்திருந்த சமயத்தில், அற்புதத்தம்மாள் தலையில் விறகுக் கட்டோடு லயத்துக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார். ரெஜினா நெருக்கமாகப் பின்னால் வந்தாள். தாய் எதற்கோ திரும்பியபோது கட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தேயிலைக் குச்சி ஒன்று மகளின் இடது கண்ணில் குத்திவிட்டது. முதலில் சிவந்தது, பிறகு வீங்கியது, பிறகு கருவிழியின் மேல் புகைபோல ஒன்று தெரிந்தது. தோட்டத்து மருந்தகத்தின் டிரெஸ்ஸர் ஒரு வாரம் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். புதன்கிழமை காலை, "இனி என் கையில் இல்லை, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, சனிக்கிழமை பத்து மணிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு லாரி போடிக்குப் போகிறது, நான் சொல்லிவைக்கிறேன், தாமதித்தால் பார்வை போய்விடும்" என்று தெளிவாகச் சொன்னார்.

அற்புதத்தம்மாள் பயந்தார். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. மேல் லயத்திலிருந்து கண் நோவென்று மதுரைக்குப் போன ஒருவர், கண் இருந்த இடத்தில் குழியோடு திரும்பி வந்திருந்தார். 'தோண்டிருவாக' என்ற சொல் லயம் முழுக்க உலவியது. ரெஜினாவும் அதைக் கேட்டாள். புதன்கிழமை அரைநாள் பேர், அதாவது கூலி, போனாலும் போகட்டும் என்று அற்புதத்தம்மாள் சிரட்டையும் உப்புமாக மலையேறிவிட்டு வந்தார். தோட்டத்தில் வாரப்படியாக அளந்து கொடுத்த உப்பில் பாதியைக் கொண்டுபோனார் என்பது பின்னால் எனக்குத் தெரிந்தது. கரைந்தால் மாதா பார்த்துக்கொள்வார், கரையாவிட்டால் சனிக்கிழமை லாரியில் ஏறுவது என்று எல்லோரிடமும் சொன்னார். வானம் தெளிந்திருந்தது, பனிமூட்டம்கூட இல்லை. உப்பு கரையாது என்றுதான் என் தந்தை கணக்குப் போட்டார். லாரிப் பயணத்துக்காக அம்மாவிடம் சொல்லி அவர்களுக்கு ஒரு கம்பளியும் எடுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை தந்தை ஏதோ வேலையாகத் தேவிகுளம் போக, பள்ளிக்கு மத்தியானத்தோடு விடுமுறை. நான் ரெஜினாவைப் பார்க்கப் போனேன். ஒரு கண்ணில் கட்டுடன் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே ஏனுங்க, எனக்கு மடத்துல இருந்து ஒரு நீலக் கண்ணாடி எடுத்துட்டு வருவியா?"

"எதுக்கு?"

"மதுரைக்குக் கொண்டு போவேன். அங்க ஒரு கண்ணாலயாவது ஏதாவது பாக்கணும்லா."

"ஆனை வருமுங்கறாங்க. தனியா போவக்கூடாது."

"பயந்தாங்கொள்ளி. ஆனைக்கும் 'ஏனுங்க'ன்னு மரியாத குடு, அது ஒதுங்கிப் போயிரும்."

தனியாக மடத்துக்குப் போவது பிள்ளைகளுக்கு விலக்கப்பட்ட காரியம். நான் போனேன். ஓடையைத் தாண்டும்போது பாசியில் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன். எழுந்து பார்க்கும்போது கையிலிருந்த கிழி நனைந்து மெலிந்து, பிழிந்தால் உப்புத்தண்ணீர் சொட்டுகிற வெறும் துணியாகிவிட்டது. அங்கேயே திரும்பியிருக்கவேண்டும். பயந்தாங்கொள்ளி என்ற சொல் காதிலிருந்ததால் திரும்பவில்லை. மழை விட்டும் சோலைக்குள் சருகுகள் ஈரமாகவே இருந்தன. படிகளில் ஏற ஏற அட்டைகள் ஏறின. நின்று பிடுங்கினால் பிடுங்குவதற்குள் வேறு நான்கு ஏறும் என்பதால் ஓட்டமும் நடையுமாக மேலே போனேன். புல்மேட்டில் உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு கால்களிலும் கொத்தாகத் தொங்கின. ஒன்று கால்சட்டைக்குள் தொடை இடுக்குவரை போயிருந்தது. நான் அழுதேன். பிறகு எழுந்து நேராக மாடத்துக்குப் போனேன்.

மாடத்தில் நாலைந்து பழைய சிரட்டைகள் கருத்துக் கிடந்தன. ஒன்றே ஒன்று புதியது. அதில் உப்பு வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் மட்டும் லேசாகக் கசிந்து, ஏறக்குறைய வைத்தபடியே இருந்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் எடுத்தேன் என்று எழுதத்தான் மனம் வருகிறது, ஆனால் தெரிந்துதான் எடுத்தேன். முதலில் ஒரு சிட்டிகை எடுத்துத் தொடையிலிருந்த அட்டைக்கு வைத்தேன். பிறகு ஒரு பிடி எடுத்துக் கால்களுக்கு. மிச்சத்தை இறங்கும்போது வேண்டுமே என்று கிழித்துணியில் கொட்டிக் கட்டினேன். சிரட்டையின் அடியில் கசிந்திருந்ததையும் விரலால் வழித்து நக்கினேன். பசித்தது என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஒரு நீலத் துண்டைப் பொறுக்கிக்கொண்டு இறங்கினேன்.

இறங்கும்போதே ஒரு யோசனை வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் வீட்டு உப்பை எடுத்துக்கொண்டு ஓடி, அவர்கள் போய்ப் பார்ப்பதற்குள் சிரட்டையை நிரப்பிவிடலாம். அன்று மாலை கண்ணாடியை ரெஜினாவிடம் கொடுத்தபோது அவள் அதை நல்ல கண்ணில் வைத்து என்னைப் பார்த்து, "நீல ஏனுங்க" என்று சிரித்தாள். என் கால்களில் காய்ந்திருந்த ரத்தத்தையும் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை நான் கண்விழித்தபோது பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வெளுக்கும்போதே அற்புதத்தம்மாள் மகளையும் கூட்டிக்கொண்டு மேலே போயிருந்தார்.

ஒன்பது மணிக்கு அவர்கள் இறங்கி வந்த காட்சி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. லாரி ஆபீஸ் வாசலில் நின்று பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தது. என் தந்தை கம்பளியோடு அங்கே காத்திருந்தார், நானும் பக்கத்தில் நின்றேன். அற்புதத்தம்மாள் கையில் அந்தச் சிரட்டையைத் தூக்கிப் பிடித்தபடி ஏறக்குறைய ஓடிவந்தார்.

"பாத்தியளா வாத்தியாரய்யா! கரஞ்சுதுன்னுகூடச் சொல்ல முடியாது. ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. அப்படியே எடுத்துக்கிட்டாவ! யாருக்கும் இப்படி நடந்ததில்ல!"

பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி சிரட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டிரெஸ்ஸர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

என் தந்தை சொன்னார்: "நல்லதுங்க அற்புதம், மாதா எடுத்துக்கிட்டாங்கன்னே வெச்சுக்குவோம். ஆனாலும் கண்ணை ஒரு டாக்டர் பாக்கோணுமுங்க. லாரி நிக்குதுங்க, ஏறிக்கோங்க. போயிப் பாத்துட்டு வந்தாத் தப்புங்களா?"

"அவுக எடுத்துக்கிட்ட பெறகு நான் டாக்டர்ட்ட போனா, நம்பலன்னு ஆகாதா அய்யா?"

"அப்படி ஆகாதுங்க."

"உங்களுக்குத் தெரியாது அய்யா. நீங்க வேற சீம ஆளு."

எனக்குத் தெரிந்தவரையில் என் தந்தையின் மரியாதை அவருக்கு உதவாமல் போனது அன்று ஒருநாள்தான். வேறு யாராவது அதட்டி ஏற்றியிருப்பார்கள். அவருக்கு அதட்டத் தெரியவில்லை. கையிலிருந்த கம்பளியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை, 'உப்பை நான்தான் எடுத்தேன்' என்று சொல்லியிருந்தால், அற்புதத்தம்மாள் லாரியில் ஏறியிருப்பார். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அன்றும் இருக்கவில்லை. தந்தையின் அடி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நேர்ச்சை உப்பைத் தின்றவன் என்று பேர் வருவது, லயத்துப் பெண்களின் வாய் இவையெல்லாம் பயமாக இருந்தன. ரெஜினா மதுரைக்குப் போகாமல் இங்கேயே இருப்பாள் என்பது சந்தோஷமாகவும் இருந்தது. ரெஜினா தன் அம்மாவின் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி பத்து மணிக்குப் புறப்பட்டுப் போயிற்று.

கிறிஸ்துமஸுக்குள் கண்ணில் பூ விழுந்தது. பொங்கலுக்குள் அது முழுக்க வெளுத்துவிட்டது. பிறகு மதுரைக்கும் போனார்கள். அங்கே யாரும் எதையும் தோண்டவில்லை. சீக்கிரம் வந்திருக்கக்கூடாதா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

அற்புதத்தம்மாள் மாதாவைக் குறை சொல்லவில்லை. உப்பை எடுத்துக்கொண்டவர் கண்ணை ஏன் தரவில்லை என்று யோசித்து, தவறு தன்னுடையது என்ற முடிவுக்கு வந்தார். வாரப்படி உப்பில் பாதியைத்தானே வைத்தேன், மீதியைக் கஞ்சிக்கென்று ஒதுக்கிக்கொண்டேனே, அதுதான் என்று என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "அளந்து குடுத்தேன் அக்கா. அவுகளும் அளந்து குடுத்துட்டாவ." அன்றிலிருந்து அவர் உப்பை விட்டுவிட்டார். மகளுக்கு ஒரு சட்டி, தனக்கு ஒரு சட்டி. வேலைக்குக் கொண்டுபோகும் தூக்கிலும் உப்பில்லாக் கஞ்சி. கருவாடு சுட்டால் மகளுக்கு மட்டும். பறிக்கும் இடத்தில் மற்றப் பெண்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறை சாமியார் மலையேறி வருவார். முழந்தாளிட்டு, பொய் சொன்னேன், அம்மாவுக்குக் கீழ்ப்படியவில்லை, சர்க்கரை எடுத்துத் தின்றேன், உப்பு எடுத்துத் தின்றேன் என்று வரிசையாகச் சொல்லி, நடுவில் அதைச் செருகிவிட்டேன். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உப்பை எதற்கப்பா தின்றாய், வயிறு கெட்டுப்போகும்" என்றார். மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மன்னிப்பு கிடைத்துவிட்டதென்று நானே என்னிடம் சொல்லிக்கொண்டேன். பத்து வயதில் எனக்கு அவ்வளவு தந்திரம் தெரிந்திருந்தது.

பதின்மூன்றாம் வயதில் படிப்புக்காக என்னைச் சமவெளிக்கு அனுப்பினார்கள். நன்றாகப் படித்தேன், பிறகு பள்ளியில் முப்பது வருடங்களுக்கு மேல் பாடம் சொன்னேன். இடையில் ஒருமுறை, என் கல்யாணப் பத்திரிகையோடு தோட்டத்துக்குப் போனேன். ரெஜினா அப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் 'பெறை'யில் ஆயாவாக இருந்தாள். அற்புதத்தம்மாளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என்னை உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றி, உப்பிட்டு, சுட்ட கருவாடும் வைத்தார். எதிரில் உட்கார்ந்து தனக்கும் ஊற்றிக்கொண்டார், உப்பிடாமல். "நம்ம வாத்தியாரய்யா பிள்ள, எம்புட்டு ஒசரத்துக்கு வந்துட்ட" என்று சொல்லிக்கொண்டே குடித்தார். சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். கருவாடு ருசியாக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பிறகு சில வருடங்களில் அவர் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். கண் போனதிலிருந்து இறக்கும்வரை, இருபத்தாறு வருடங்கள், அவர் உப்பைத் தொடவில்லை.

சென்ற வருடம் என் மகள் காரில் என்னை அழைத்துக்கொண்டு போனாள். ரெஜினா தோட்டத்துக்குக் கீழே, சொந்தமாகக் கட்டிய இரண்டு அறை வீட்டில், பேரன் ஒருவனோடு இருந்தாள். வாசலில் நின்ற என்னைத் தலையைச் சாய்த்து நல்ல கண்ணால் பார்த்தாள்.

"ஏ, ஏனுங்க! முடியெல்லாம் எங்கப்பா உதுத்துட்டு வந்த?"

என் மகள் சிரித்துவிட்டு, தோட்டத்தைப் படம் எடுக்க வெளியே போனாள். பேரனும் கூடப் போனான். நான் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் முன்போலவே கிளம்பிவிடுவேன் என்று தெரியும்.

"ரெஜினா, அந்த உப்பை எடுத்தது நானுங்க" என்றேன். அறுபது வருடங்களாகப் பேசாத அந்த 'ங்க' எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அவள் எந்த உப்பு என்று கேட்கவில்லை.

"தெரியும்."

"எப்படி?"

"கரஞ்ச உப்புன்னா செரட்டை வெளுத்துக் கெடக்கும்லா. அது நாய் நக்குன மாதிரி இருந்துச்சு, வெரல் தடம்கூடத் தெரிஞ்சுது. மொத நா சாயந்தரம் உன் காலையும் பாத்தேன். மாதா எடுக்கலன்னு எனக்கு அங்கன வச்சே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"தோண்டிருவாகன்னு பயம். அம்மையும் சந்தோசமா இருந்தா. நீயா வந்து சொல்லிருவன்னும் ஒரு நெனப்பு. லாரிப் பக்கத்துல உன்னத்தான பாத்துட்டு நின்னேன். நீ சொன்னா அழுதுட்டே ஏறியிருப்பேன். சொல்லலன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு."

எனக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அவளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதில் ஒரு கணம் நிம்மதி அடைந்தேன். அவள் அதைக் கண்டுகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

"இங்கரு," என்றாள். "நீயும் பத்து வயசுப் பிள்ள, நானும் பத்து வயசுப் பிள்ள. என் கண்ண நான் விட்டுட்டேன், அது எம்பாடு. ஆனா அவ உப்ப விட்டது கண்ணு போன பெறகுல்லா? நான் எத்தனையோ தடவ சொன்னேன், எம்மா, அத யாரோ எடுத்துட்டாக, மாதா எடுக்கல, நீ உப்பு போட்டுக் குடின்னு. அவ நம்பல. எனக்காகச் சொல்லுதன்னு நெனச்சா. எடுத்தவன் வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பா. நீ பெரிய படிப்புப் படிச்ச. பத்திரிகையும் கையுமா வந்து இந்தக் கையால கருவாடும் தின்ன. அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். இல்ல, ஒரு கார்டு போட்டிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. பெறையில் பிள்ளைகளுக்கு எதையோ விளக்குவதுபோலச் சொன்னாள். பிறகு எழுந்து பால் விடாத கட்டன் சாயா போட்டாள். போகும்போது ஏலக்காய் ஒரு பொட்டலம் கொடுத்தாள்.

மடம் இருந்த உச்சிக்கு இப்போது ஜீப் போகிறது. சோலையின் ஒரு பாதியை வெட்டி வளைத்து வளைத்துச் சாலை போட்டிருக்கிறார்கள். கன்னியர் வெட்டிய கற்படிகள் அதற்கு அடியில் போய்விட்டன. மேலே நுழைவுச்சீட்டு, தேநீர்க்கடை, கம்பிவேலி. சுவர்கள் ஆபத்தென்று இடித்துவிட்டு அந்தக் கற்களாலேயே உட்காருவதற்கு மேடை கட்டியிருக்கிறார்கள். மாடம் இல்லை, கல்லறைச் சிலுவைகளும் இல்லை. வேலியோரப் புல்லில் நீலக் கண்ணாடி கிடக்கிறதா என்று குச்சியால் கிளறிப் பார்த்தேன், பாட்டில் மூடிகள்தான் கிடைத்தன. நடந்து ஏறுகிறவர்களுக்கு முழங்கால்வரை வரும் அட்டை உறை கடையிலேயே வாடகைக்குத் தருகிறார்கள். உப்புக்கிழி என்றால் என்ன என்று கடைக்காரப் பையன் என்னிடம் கேட்டான். சொன்னேன். சிரித்தான்.

ஊர் திரும்பியதும், யாரிடமும் சொல்லாமல், உப்பை விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். ரத்த அழுத்தத்துக்காக மருத்துவர் ஏற்கெனவே குறைக்கச் சொல்லியிருந்ததால் மகள் காரணம் கேட்கவில்லை, தனியாக ஆக்கிப் போட்டாள். முதல் நாள் சோறு தொண்டையில் இறங்கவில்லை. இரண்டாம் நாள் பசி என்பதால் இறங்கியது. மூன்றாம் நாள் அற்புதத்தம்மாளை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். நான்காம் நாள் மத்தியானம், மகள் அடுக்களைக்குள் போன சமயம் பார்த்து, ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து விரலால் வழித்து நக்கினேன்.